தமிழ் மீடியத்துல படிச்சுட்டு மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல சமாளிக்க முடியுமா?

அடுத்த கேள்வி அரூர் பக்கத்துல இருந்து ஒரு தங்கச்சி அனுப்பியிருக்காங்க. "அக்கா, அரசுப் பள்ளியில தமிழ் மீடியம் படிச்சேன். 7.5 சதவீத ஒதுக்கீட்டுல எம்.எம்.சி. கிடைச்சிருக்கு. சிட்டிப் பசங்களுக்கு நடுவுல தாக்குப்பிடிப்பேனா?"ன்னு கேட்டிருக்காங்க.

வாழ்த்துக்கள்ம்மா. தாராளமா முடியும். ஆனா முதல் ஆறு மாசம் கஷ்டம்தான், அதை மறைச்சுச் சொல்ல எனக்கு மனசு வரல. நானும் தமிழ் மீடியம். அனாட்டமி முதல் இன்டர்னல்ல ஃபெயில். பாடம் தெரியாம இல்ல. தோள்ல இருந்து கைக்கு இறங்குற நரம்பெல்லாம் கண்ணுக்குள்ள படமா நிக்குது, இங்கிலீஷ்ல எழுதணும்னதும் பேனா நகரல. வைவால, அதான் வாய்மொழித் தேர்வுல, வாயே திறக்கல. அப்புறம் தினம் ராத்திரி ரூம்மேட் முன்னாடி ஒரு படம் வரைஞ்சு, அதைச் சத்தமா இங்கிலீஷ்லயே சொல்லிப் பழகினேன். தப்புத் தப்பாதான் வந்துச்சு. அடுத்த இன்டர்னல்ல பாஸ். அதனால மனசுக்குள்ள படிக்காதீங்க, வாய்விட்டுச் சொல்லிப் படிங்க.

டிசெக்‌ஷன் ஹால்ல, அதான் உடம்பை அறுத்துப் படிக்கிற இடத்துல, பிணம் கெடாம இருக்கப் போடுற ஃபார்மலின் நெடிக்குக் கண்ணு எரியும், மத்தியானச் சாப்பாடு இறங்காது. கொஞ்ச நாள்ல பழகிடும்.

செகண்ட் இயர்ல நம்ம காலேஜோட ஆஸ்பத்திரி, ஜி.ஹெச். வார்டுக்குள்ள போறீங்க பாருங்க, அங்கதான் எல்லாம் மாறுது. பாடம் இங்கிலீஷ்ல இருக்கலாம், நோயாளி பேசுறது தமிழ்ல. "நெஞ்சு கரிக்குது"ன்னா ஒண்ணு, "நெஞ்சை அடைக்குது"ன்னா வேற. ஒரு தடவை மெடிசின் போஸ்டிங்ல, அதான் பொது மருத்துவ வார்டுப் பயிற்சியில, கால் வீங்கிப்போன ஒரு பெரியவர்கிட்ட என் பேட்ச்மேட் நோயோட விவரம் கேட்டு எழுதினான். இதயம் பலவீனமானவங்களுக்குப் படுத்தா மூச்சு முட்டும். அதுக்கு புக்ல இருக்கிற கேள்வி, எத்தனை தலையணை வெச்சுப் படுப்பீங்க? அவர் "தலையணையே இல்லப்பா"ன்னாரு. பிரச்சினை இல்லைன்னு எழுதிட்டான். நான், "ஐயா, வீட்டுல எப்படித் தூங்குவீங்க?"ன்னு கேட்டேன். "எங்க படுக்கிறதும்மா, மூணு மாசமா செவுத்துல சாஞ்சு உக்காந்துதான்"னாரு. வீட்டுல தலையணையே கிடையாது, அவ்வளவுதான். எங்க வீட்டுலயும் பாய் மட்டும்தான், அதான் எனக்குக் கேட்கத் தோணுச்சு. உங்களுக்கும் தோணும்.

பேட்ச்ல 250 பேர் இருப்பீங்க. இங்கிலீஷ் சரளமா வர்றவங்க உங்ககிட்ட வந்து, "இதைத் தமிழ்ல எப்படிக் கேட்கிறது?"ன்னு நிப்பாங்க. சொல்லிக் குடுங்க, பதிலுக்கு அவங்ககிட்ட கத்துக்கோங்க. புதுக்கோட்டையில இருந்து வந்த முத்துலட்சுமி ரெட்டி அம்மா 1912-ல இதே காலேஜ்லதான் டாக்டராகி வெளியே வந்தாங்க. பயம் வர்றப்ப நான் அவங்களை நெனச்சுக்குவேன்.

செலவு பத்தி ரொம்பக் கவலை வேண்டாம், உங்க ஒதுக்கீட்டுல கட்டணத்தை அரசாங்கமே கட்டிடும். அலைச்சல்தான் கொஞ்சம் இருக்கு. பிரசவம், குழந்தைங்க போஸ்டிங்னா எழும்பூர் போகணும், மனநலத்துக்குக் கீழ்ப்பாக்கம். நாலரை வருஷத்துக்கு அப்புறம் ஒரு வருஷம் ஹவுஸ் சர்ஜன், அதான் பயிற்சி டாக்டர். அதைத் தனி வீடியோவா போடறேன்.

மொரப்பூர்ல ரயில் ஏறினா சென்ட்ரல்ல இறங்குவீங்க. எதிர்லயே ஜி.ஹெச். பெட்டியோட ரோட்டைக் குறுக்கே கடக்காதீங்கம்மா, சுரங்கப்பாதை இருக்கு, அது வழியா வாங்க.