ஒரு கால் பலகையில், ஒரு கால் தரையில்

(புதுச்சேரியில் இசை ரசிகர்கள் கூடிய ஒரு மாலையில் பேசியது)

எல்லோருக்கும் வணக்கம்.

போன மாதம் கடற்கரைச் சாலையில், சாயங்காலம் வண்டிப் போக்குவரத்தை நிறுத்திய பிறகு, அக்கா மகனின் ஸ்கேட்போர்டில் ஏறிப் பார்த்தேன். காந்தி சிலைக்கு எதிரே மல்லாந்து விழுந்தேன். "கிட்டார் வாத்தியாருக்கு இதெல்லாம் எதுக்குய்யா?" என்றார் சுண்டல் விற்கிற அம்மா. அதற்குப் பதில் சொல்லத்தான் இன்று டாமி கெரேரோ என்ற அமெரிக்க ஸ்கேட்போர்டு வீரர், கிட்டார் கலைஞரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

1966இல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தவர். நம் ஊர் தோசைக்கல் மாதிரி தட்டை. சான் பிரான்சிஸ்கோவோ ஏற்றமும் இறக்கமுமான ஊர். 1983இல் அங்கே கோல்டன் கேட் பூங்காவில் நடந்த தெருப் பாணி ஸ்கேட்போர்டு போட்டியில், அமெச்சூராக இருந்தபோதே தொழில்முறை ஆட்களை ஜெயித்தார். அப்புறம் 'போன்ஸ் பிரிகேட்' என்ற ஸ்கேட்போர்டு அணியில் சேர்ந்தார். அதே அணியின் டோனி ஹாக் வளைந்த சரிவு மேடைகளில் பறந்து பேர் வாங்கினார். இவருக்கோ தெருதான் மைதானம். 1990இல் ஜிம் தீபோவோடு 'ரியல்' என்ற ஸ்கேட்போர்டு நிறுவனத்தையும் தொடங்கினார்.

இசை ஓய்வுக்கால வேலை என்று நினைக்காதீர்கள். பதின்ம வயதிலேயே அண்ணனோடு பங்க் ராக் இசைக்குழுவில் இருந்தவர். தொண்ணூறுகளின் கடைசியில் தனித் தொகுப்புகள் வரத் தொடங்கின. கிட்டார், பேஸ் என்கிற கீழ்ஸ்வர கிட்டார், தாளம் என்று பெரும்பாலும் தானே வாசித்து ஒன்றின் மேல் ஒன்றாகப் பதிவு செய்வார். பாட்டுக்குரல் அபூர்வம். எனக்குப் பிடித்தது, அவர் விரல் வேகம் காட்டமாட்டார் என்பதுதான். ஒரு சின்ன பேஸ் வரியைச் சுற்றவிட்டு, கிட்டாரைச் சும்மா இருக்க விடுவார். அந்தப் பொறுமை என் மாணவர்களுக்கு வரவே மாட்டேன் என்கிறது!

நடைபாதை சிமெண்ட் இணைப்புகளில் ஸ்கேட்போர்டு ஓடும்போது காது கொடுத்துப் பாருங்கள். முன்சக்கரம் ஒரு 'டக்', பின்சக்கரம் ஒரு 'டக்', நடுவில் ஒரு சின்ன மௌனம். சரிவில் இறங்க இறங்கக் காலப்பிரமாணம் ஏறும். இதைக் கேட்டே வளர்ந்த பையனுக்குத் தாளம் எங்கிருந்து வந்தது என்று நான் தேடுவதில்லை. இது என் ஊகம்தான், அவர் சொன்னதல்ல.

'ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்' என்று பிள்ளைகளைத் திட்டுகிறோம். கீழே விழுந்த அன்று மருமகன் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே அதுதான்: "மாமா, ஒரு கால் போர்டுல, ஒரு கால் தரையில. தள்ளுங்க."

சரி, பேச்சு போதும். இரண்டு உருப்படிகள் போடுகிறேன். முதலில் பேஸை மட்டும் கவனியுங்கள்.