பழைய கார் வாங்குகிறீர்களா? சாவியைக் கையில் வாங்கும் முன் பாலிசியைக் கேளுங்கள்!

வணக்கம். பொள்ளாச்சியில் ஒரு பழைய காரை வாங்கி, கோபாலபுரம் வழியாகப் பாலக்காட்டுச் சித்தூருக்கு ஓட்டி வருகிறீர்கள். மூன்றாவது வாரம் வண்டி ஒரு பனைமரத்தில் மோதுகிறது. காப்பீடு நடப்பில்தான் இருக்கிறது. ஆனாலும் பழுதுபார்க்கும் செலவு முழுவதும் உங்கள் தலையில் விழலாம். எப்படி? கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கத்து உறவுகளே, இதைக் கடைசிவரை பாருங்கள்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி தேர்டு பார்ட்டி காப்பீடு கட்டாயம். அது உங்கள் வண்டியால் பாதிக்கப்பட்டவருக்கானது. உங்கள் காருக்குப் பணம் வர வேண்டுமானால் ஓன் டேமேஜ் பகுதியும் இருக்க வேண்டும்.

வண்டி கைமாறும்போது தேர்டு பார்ட்டி பாதுகாப்பு உங்களோடு வந்துவிடும். ஆனால் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லி 14 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அதைச் செய்யாமல் சொந்தக் காரின் சேதத்துக்குப் பணம் கேட்டால், பாலிசி பழைய உரிமையாளர் பெயரில் இருக்கிறது என்றே காப்பீட்டு நிறுவனம் மறுத்துவிடலாம். நோ கிளைம் போனஸ், அதாவது கிளைம் கேட்காத ஆண்டுகளுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியும், அது 20 சதவீதமோ 50 சதவீதமோ, விற்றவருக்குத்தான் சொந்தம். பெயர் மாற்றும்போது அந்த வித்தியாசத்தை நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். "இன்சூரன்ஸ் இன்னும் எட்டு மாதம் இருக்கிறது" என்று தரகர் சொன்னால், இந்தத் தொகையைக் கழித்து விலை பேசுங்கள்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதி: பம்பர் கணக்கு.

[திரையில்: உடைந்த முன்பக்க பம்பர்]

புதிய பம்பர் 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பம்பர் பிளாஸ்டிக். பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரி எல்லாவற்றுக்கும் காப்பீட்டு நிறுவனம் கழிக்கும் தேய்மானம் 50 சதவீதம். நேற்று மாட்டிய பம்பராக இருந்தாலும் இதே கணக்குதான். மீதி 6,000. கட்டாயமாக நீங்கள் ஏற்க வேண்டிய தொகை 1,500 சிசி வரையுள்ள காருக்கு 1,000. ஆகக் கைக்கு வருவது 5,000. பெயின்ட் பொருளின் விலையிலும் பாதி போய்விடும். தகரப் பாகங்களுக்குக் காரின் வயதுக்கு ஏற்பக் கழிவு ஏறும். ஐந்து வயதைத் தாண்டினால் 40 சதவீதம், பத்தைத் தாண்டினால் 50.

கண்ணாடிக்கு? கழிவே கிடையாது! காரிலேயே எளிதில் உடையக்கூடிய பொருளுக்குத் தேய்மானம் இல்லை, அடி தாங்குவதற்கென்றே முன்னால் நிற்கும் பம்பருக்குப் பாதி விலை. இந்தப் பட்டியலை ஒருமுறை படித்தவர் பாலிசியை விலையை மட்டும் பார்த்து எடுக்கவே மாட்டார். இந்தக் கழிவைத் தவிர்க்கத்தான் 'பம்பர் டு பம்பர்' என்ற கூடுதல் பாதுகாப்பு. வயதான கார்களுக்கு அது கிடைப்பது கடினம். ஆண்டுக்கு இத்தனை முறைதான் என்ற வரம்பும் இருக்கலாம். உங்கள் காருக்குக் கிடைத்ததா என்று கருத்துப் பகுதியில் எழுதுங்கள், மற்றவர்களுக்கு உதவும்.

வெள்ளமும் நிலச்சரிவும் ஓன் டேமேஜில் அடங்கும். ஆனால் நீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்து இன்ஜின் கெட்டால், இன்ஜின் பாதுகாப்பைத் தனியாக எடுத்திருந்தால்தான் பணம். ஆகவே சாவியைத் திருகாதீர்கள். கட்டி இழுத்துச் செல்லுங்கள்.

கடைசியாக ஒன்று, இதை மிகுந்த அக்கறையோடு சொல்கிறேன். வெள்ளை நம்பர் பலகை கொண்ட சொந்தக் காரில் அக்கம்பக்கத்தாரைக் கோவை மருத்துவமனைக்கு அழைத்துப் போவது நல்ல காரியம். வாடகை வாங்கிக்கொண்டு போனால் அது பாலிசியின் 'பயன்பாட்டு வரம்பு' என்ற நிபந்தனையை மீறுவதாகும். வழியில் விபத்து நேர்ந்தால் உங்கள் கிளைம் நிராகரிக்கப்படலாம். அந்த நிபந்தனை பாலிசி அட்டவணையிலேயே, அதாவது பாலிசி விவரங்கள் அச்சிட்ட பக்கத்திலேயே இருக்கிறது. முன்பணம் கொடுக்கும் முன் விற்பவரிடம் அட்டவணையின் நகலைக் கேட்டு, பெயர், முடியும் தேதி, காரின் காப்பீட்டு மதிப்பு, பயன்பாட்டு வரம்பு ஆகிய நான்கையும் பாருங்கள். நகலைத் தர மறுத்தால் அந்தக் காரை விட்டுவிடுங்கள்.