கால்நடையும் கைச்செலவும்

நேயர்களுக்கு வணக்கம்.

டெக்சஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகரத்தில் நான் தங்கிய விடுதி அறையின் சன்னல் வழியே பார்த்தால் எதிரே ஒரு கடை தெரியும். ஒரு நாள் சாயங்காலம் பால் வாங்கலாம் என்று கிளம்பினேன். வாசலிலிருந்து கொஞ்ச தூரம் சிமென்ட் நடைபாதை இருந்தது. அப்புறம் அது புல்தரையில் போய் முடிந்துவிட்டது. ஆனால் அந்தப் புல்லுக்கு நடுவே ஓர் ஒற்றையடித் தடம் ஓடியது. விடுதியில் துப்புரவு வேலை செய்கிற பெண்கள் பஸ் நிறுத்தத்துக்கு நடந்து நடந்து உண்டாக்கிய தடம் அது. அதைப் பிடித்துப் போய், சிக்னல் கம்பத்தில் பொத்தானை அழுத்திவிட்டு நின்றேன். நடக்கலாம் என்று காட்டும் வெள்ளை மனித உருவம் எரிந்த கொஞ்ச நேரத்திலேயே, மீதி நொடிகளைக் காட்டும் எண்கள் இறங்கத் தொடங்கிவிட்டன. நான் பாதிச் சாலையில் இருக்கும்போதே கார்கள் உறுமின. எதிர்க்கடைக்குப் போய்ப் பால் வாங்கித் திரும்ப முக்கால் மணி நேரம் ஆயிற்று.

நகர மையத்தில் தரைக்கு அடியில் சுமார் 6 மைலுக்குச் சுரங்க நடைபாதைகள் இருக்கின்றன. வெயிலுக்கு இதம்தான். ஆனால் அலுவலகக்காரர்களை நம்பி இருப்பவை. சாயங்காலமும் சனி, ஞாயிறும் பெரும்பாலும் மூடிக் கிடக்கும். பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் 1.25 டாலர்தான் கட்டணம். ஆனால் நான் தங்கிய இடத்திலிருந்து நிறுத்தம் வரை போவதே பெரும்பாடு. கடைசியில் கார் வாடகைக்கு எடுத்தேன். வாடகை, காப்பீடு, பெட்ரோல், போன இடமெல்லாம் பார்க்கிங்.

நியூயார்க்கிலும் தங்கினேன். அங்கே அறை வாடகை ஹூஸ்டனைப் போல் இரண்டு மடங்குக்கு மேல். பெட்டியைத் திறந்து வைத்தால் நடக்க இடமில்லாத அறை. ஆனால் வாசலைத் தாண்டினால் ஊரே நடக்கக் கிடக்கிறது. நியூயார்க்கின் மையப் பகுதியான மன்ஹாட்டனின் தெருக்களை 1811இல் கட்டம் கட்டமாகத் திட்டமிட்டார்கள். வடக்கு தெற்காக 20 தெருக்களைத் தாண்டினால் ஒரு மைல். 34ஆம் தெருவிலிருந்து 54ஆம் தெருவுக்கு நான் எப்படிப் போனேன் என்றே தெரியவில்லை; கடைகளையும் மனிதர்களையும் பார்த்துக்கொண்டே போய்விட்டேன். கால் வலித்தால் சுரங்க ரயில். அப்போது 2.90 டாலர், ஒரே அட்டையைத் தட்டி ஏழு நாளில் 12 முறை கட்டிவிட்டால் அந்த வாரத்தின் மீதிப் பயணம் இலவசம். ஸ்டேட்டன் தீவுப் படகுக்குக் கட்டணமே இல்லை. அதன் தளத்தில் நின்றுதான் சுதந்திர தேவி சிலையைப் பார்த்தேன்.

சாப்பாட்டில் மட்டும் கவனம் வேண்டும். பட்டியலில் போட்டிருப்பது முழு விலை அல்ல. 8.875 சதவீத வரி, அதற்கு மேல் பரிமாறுபவருக்கு 18, 20 சதவீதம் சேர்த்துத்தான் எழுந்திருக்க முடியும். அப்படியும் இரண்டு ஊர்க் கணக்கையும் கூட்டிப் பார்த்தேன். பெரிய வித்தியாசம் இல்லை. ஹூஸ்டனில் அறையில் மிச்சம் பிடித்ததைக் கார் தின்றுவிட்டது.

ஆனால் சுற்றிப் பார்க்க வந்தவன் நாலு நாளில் போய்விடுவேன். அங்கேயே இருக்கிற, கார் ஓட்டத் தெரியாதவர்களை நினைத்தால்தான் மனம் கனக்கிறது. ஹூஸ்டனின் புறநகரில் உறவினர் ஒருவரின் தாயாரைப் பார்க்கப் போயிருந்தேன். நம் ஊரில் தினமும் கோயில், கடைத்தெரு என்று நடந்தவர். அங்கே நல்ல வீடு, நல்ல காற்று. ஆனால் நடந்து போவதற்கு ஓர் இடம் இல்லை. “சனிக்கிழமை வரட்டும், பிள்ளை கூட்டிப் போவான்” என்றார். நான் போனது திங்கட்கிழமை.

அதற்கு அடுத்த வாரம் டொராண்டோ போனேன். அங்கே 3.30 கனடா டாலருக்கு அட்டையைத் தட்டினால் இரண்டு மணி நேரம் நகரப் பஸ், ரயில் எதில் வேண்டுமானாலும் ஏறி இறங்கலாம். அந்த ஊரின் ஸ்கார்பரோ பகுதியில் பஸ்ஸில் என் பக்கத்தில் ஒரு யாழ்ப்பாணத்து அம்மா, மடியில் முருங்கைக்காய்ப் பை. அங்கேயும் சாலைகள் அகலம்தான், கடைகள் தள்ளித் தள்ளித்தான். தனியாகவா போகிறீர்கள் என்று கேட்டேன். “ஓம் தம்பி, பஸ் இருக்கிறபடியால் ஒருத்தரையும் கேட்காமல் போய் வாறன்” என்றார். அவர் இறங்க வேண்டிய நிறுத்தத்தில் பஸ் நடைபாதைப் பக்கமாகத் தாழ்ந்து கொடுத்தது. பையைத் தூக்கிக்கொண்டு இறங்கி, திரும்பி என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு நடந்தார்.

நன்றி, வணக்கம்.