சட்டைப்பையில இருந்த ரசீது

புதுவை வானொலி நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். நாடகத்தப் பத்திப் பேசுங்கன்னு கூப்பிட்டாங்க. தமிழ் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1922ல கண்ணை மூடின ஊர் இது, கருவடிக்குப்பத்துல அவரோட சமாதி இருக்கு, அதனால அவர மனசுல நெனச்சுக்கிட்டே ஆரம்பிக்கறேன். ஆனா நான் பேசப்போறது ஒரு அமெரிக்க நாடகம், ஆர்தர் மில்லர் எழுதின 'டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்'. 1949 பிப்ரவரி 10ம் தேதி நியூயார்க்ல மொத தடவை மேடையேறி, அந்த ஒரு தயாரிப்பே 742 காட்சி ஓடுச்சு. மில்லர் 2005ல எறந்ததும் அதே பிப்ரவரி 10ம் தேதிதான்.

கதை தெரியாதவங்களுக்காக சுருக்கமா சொல்லிடறேன். வில்லி லோமன்னு 63 வயசு சேல்ஸ்மேன், பெட்டியைத் தூக்கிட்டு காரை ஓட்டிக்கிட்டு ஊர் ஊராப் போய் ஆர்டர் பிடிக்கறவரு, பொண்டாட்டி பேரு லிண்டா, ரெண்டு பசங்க, மூத்தவன் பிஃப், எளையவன் ஹேப்பி. மூத்தவன் ஸ்கூல்ல ஃபுட்பால் ஹீரோ, அவன் மேல அப்பா உயிரையே வெச்சிருக்கார், அவன் 34 வயசாகியும் ஒரு எடத்துல நெலைக்கல. முப்பது வருஷத்துக்கு மேல ஒழைச்ச கம்பெனி வில்லியை சம்பளத்துலேர்ந்து எறக்கி வெறும் கமிஷனுக்கு விட்டுடுது, அப்புறம் வேலையே இல்லன்னு அனுப்பிடுது. நாடகம் மொத்தமும் ஏறக்குறைய ஒரு ராத்திரி, ஒரு பகல், மறுபடி ஒரு ராத்திரி, அவ்வளவுதான். அதுக்குள்ள அவர் மனசுல பழசெல்லாம் ஓடிக்கிட்டே இருக்கும், எது இன்னைக்கு எது அன்னைக்குன்னு அவருக்கே பிரியாது. மில்லர் இதுக்கு மொதல்ல வெச்சிருந்த தலைப்பே 'அவன் மண்டைக்குள்ள'ங்கற அர்த்தத்துலதான் இருந்துச்சு.

நான் காலேஜ்ல இதை 25 வருஷம் நடத்தினவ. அமெரிக்கக் கனவு, அது ஒடைஞ்சு போனது, அப்பாவோட தப்பான தொடுப்பை மூத்த பையன் பாஸ்டன்ல ஒரு ஓட்டல் ரூம்ல கண்ணால பாத்தது, இதெல்லாம் பரீட்சைக்கு எழுத வெச்சேன். தப்பில்ல, எல்லாமே நாடகத்துல இருக்கு. ஆனா வயசாக ஆக எனக்கு அதுல பெருசாத் தெரியறது வேற ஒண்ணு, அந்த வீட்டோட கணக்கு.

மொத பாகத்துல ஒரு எடம் வரும். வில்லி வெளியூர்லேர்ந்து வந்து, இந்தத் தடவை ஒரு ஊர்ல 500, இன்னொரு ஊர்ல 700 டாலருக்கு வித்தேன்னு பீத்திக்கறார். லிண்டா சந்தோஷமா பென்சிலை எடுத்து கமிஷன் கணக்குப் போட ஆரம்பிக்கறா. பென்சில் ஓட ஓட அவர் எறங்கி வரார், இல்ல, அவ்வளவு இல்ல, கடை மூடியிருந்துச்சு அது இதுன்னு, கடைசில மொத்தமே 200 டாலர்தான், கையில வரப்போற கமிஷன் 70. உடனே அவ ஃபிரிட்ஜுக்கு 16, வாஷிங் மெஷினுக்கு 9 டாலர் 60 சென்ட், கூரை ரிப்பேருக்கு 21ன்னு அடுக்கறா, 15ம் தேதிக்குள்ள கட்ட வேண்டியது 120 கிட்ட வந்து நிக்குது. அவ ஒரு வார்த்தை குத்திப் பேசல, அடுத்த வாரம் நல்லா நடக்கும்னுதான் சொல்றா. வகுப்புல இந்த எடத்தைப் படிக்கறப்பல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். ஏன்னா எங்க வீடு அதுதான்.

கடலூர் மஞ்சக்குப்பத்துல வளந்தவ நான். எங்கப்பாவும் ஏஜென்ட்தான், ஒரு கம்பெனி சரக்குக்கு ஆர்டர் பிடிக்கறவரு, காலையில பஸ் ஏறினா பண்ருட்டி, நெய்வேலி, விருத்தாசலம், இன்னொரு நாள் சிதம்பரம். ராத்திரி பையை எறக்கி வெச்சதும் அம்மா மொதல்ல பாக்கறது அவர் மொகத்தைத்தான், அப்புறந்தான் எவ்வளவுன்னு கேக்கறது. அவர் ஒரு தொகை சொல்லுவார், ஒண்ணாம் தேதி கைக்கு வர்றது அதுல பாதி கூட இருக்காது, அதை ஏன்னு யாரும் கேட்டதில்ல.

வில்லி இதுக்கு மேல ஒண்ணு பண்றார். கமிஷன் வராம போனதும் பக்கத்து வீட்டு சார்லிகிட்ட வாராவாரம் 50 டாலர் கைமாத்து வாங்கிட்டு வந்து, நான் சம்பாதிச்சதுன்னு லிண்டாகிட்ட குடுக்கறார். சார்லி வேலையே தரேங்கறான், அத மட்டும் வேணாங்கறார், கடன் வாங்குவாராம் வேலை வாங்க மாட்டாராம். லிண்டாவுக்கு அந்தப் பணம் எங்கேர்ந்து வருதுன்னு தெரியும். பசங்ககிட்ட சொல்றா, புருஷன்கிட்ட மட்டும் தெரியாத மாதிரியே இருக்கா.

இங்க எனக்கு நம்ம கோவலன் ஞாபகம் வந்துடும். சங்கரதாஸ் சுவாமிகளும் அந்தக் கதையை மேடைக்கு எழுதியிருக்கார். கோவலனும் சொத்தைத் தொலைச்சவன்தான், பொண்டாட்டிக்குத் துரோகம் பண்ணவன்தான், ஆனா திரும்பி வீட்டுக்கு வந்ததும் அவன் கண்ணகிகிட்ட 'இலம்பாடு நாணுத் தரும் எனக்கு'ன்னு வாயத் தொறந்து சொல்லிடறான். இல்லாமப் போச்சு, வெக்கமா இருக்குன்னு. அவ சிரிச்ச மொகத்தோட சிலம்பு இருக்கு எடுத்துக்கங்கன்னா. மதுரையில நடந்தது வேற, ஆனா புகாரை விட்டுப் பொறப்படறப்ப ரெண்டு பேருக்கும் நடுவுல மறைக்க ஒண்ணும் இல்ல, ஒண்ணாத்தான் நடந்து போனாங்க. வில்லிக்கு அந்த ஒரு வார்த்தை கடைசி வரைக்கும் வாயில வரல. மூத்தவன் கதறி அழுது, நான் சாதாரணமானவன்பா, என்னை விட்டுடுங்கன்னு சொல்றப்பகூட, பையன் என்மேல பாசமா இருக்கான்னு அந்த ஒண்ணு மட்டும்தான் அவர் காதுல விழுது. அந்த சந்தோஷத்துலயே 20,000 டாலர் இன்சூரன்ஸ் பணம் பையனுக்கு வரட்டும்னு காரை எடுத்துட்டுப் போயிடறார். வீட்டுக்கடனோட கடைசித் தவணையை லிண்டா கட்டி முடிச்சது அவர அடக்கம் பண்ண அன்னைக்கு.

மொதல்ல இதைப் பாத்தவங்கள்ல ஒரு பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர் முதலாளி, வயசாயிடுச்சுன்னு நம்ம கடையில யாரையும் வேலையை விட்டு எடுக்கக் கூடாதுன்னு அன்னைக்கு ராத்திரியே உத்தரவு போட்டாராம், மில்லர் தன்னோட சுயசரிதையில எழுதியிருக்கார். ஒரு நாடகம் இந்த அளவுக்குப் பண்ண முடியும்ங்கறதை நான் ரொம்ப மரியாதையோட நெனச்சுப் பாக்கறேன்.

இன்னொரு எடம் சொல்லணும். வில்லி தன் உயிரை முடிச்சுக்கறதுக்காக ஒரு சின்ன ரப்பர் டியூப்பை மறைச்சு வெச்சிருக்கறதை லிண்டா பாத்துடறா. தெனமும் அவர் போனதும் அதை எடுத்துடறா, அவர் வர்றதுக்கு முன்னாடி இருந்த எடத்துலயே திருப்பி வெச்சிடறா. கேட்டு அவர எப்படி அவமானப்படுத்தறதுன்னு பசங்ககிட்ட சொல்லி அழறா. புருஷனோட மானத்தைக் காப்பாத்தறான்னு நான் பாடம் சொன்னேன், பசங்களும் எழுதினாங்க.

அப்பா போய் ரெண்டு வருஷம் கழிச்சு, ஒரு லீவுல மஞ்சக்குப்பம் வீட்டுத் திண்ணையில உக்காந்து இந்தக் கதை முழுசையும் அம்மாவுக்குச் சொன்னேன். சாயங்காலம் மணி ஆறு இருக்கும், அம்மா கீரை ஆஞ்சுக்கிட்டு இருந்தாங்க. டியூப் எடத்துக்கு வந்ததும் கை நின்னுடுச்சு. "எங்கிட்டயும் ஒண்ணு இருந்துச்சுடி"ன்னாங்க.

அப்பாவோட கல்யாண மோதிரம், தாத்தா போட்டது. விரல் பருத்துப்போச்சு, கழட்டி ஆபீஸ் டிராயர்ல வெச்சிருக்கேன்னு அப்பா சொல்லியிருந்தார், நாங்க எல்லாரும் நம்பினோம். தொவைக்கறதுக்கு எடுத்த சட்டையில சேட்டு கடை ரசீது இருந்திருக்கு. அம்மா அதை எடுத்து அரிசிப் பானை மேல வெச்சிட்டு, சட்டையைத் தொவைச்சு காயவெச்சு, பெட்டி போட்டு, மறுபடி அதே பையில அதே மடிப்போட வெச்சிட்டாங்களாம். வட்டி கட்டிட்டு வந்தா ரசீதுக்குப் பின்னாடி எழுதியிருக்கும், அதையும் பாத்துட்டுப் பாத்துட்டு வெப்பாங்களாம். ஒரு தீபாவளிக்கு அப்புறம் வட்டி கட்டல, மோதிரம் மூழ்கிடுச்சு.

"ஏம்மா ஒரு வார்த்தை கேக்கல, மனசு கஷ்டப்படும்னா?"ன்னு கேட்டேன்.

அம்மா திரும்பவும் கீரையை ஆய ஆரம்பிச்சிட்டாங்க. "அதெல்லாம் இல்ல. கேட்டிருந்தா அடுத்த ரசீதை வேற எங்கயாவது ஒளிச்சு வெச்சிருப்பாருடி. சட்டைப்பையில இருந்தாதான நாம எவ்வளவு முங்கியிருக்கோம்னு எனக்குத் தெரியும்."

நேயர்களுக்கு நன்றி, வணக்கம்.