பாலத்தைத் தாண்டினீர்களா?

அடுத்த கேள்வி கொஞ்சம் கோபமாகவே வந்திருக்கிறது. "பாரிஸின் பியூஸ் என்ற பழம்பொருள் சந்தையைப் பற்றி நீங்கள் சொன்னதை நம்பி, ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு போனோம். சப்பாத்தும் கைக்கடிகாரமும் தவிர அங்கே எதுவும் இல்லை. பழம்பொருள் எங்கே? விலை பேசலாம் என்றீர்களே, எப்படிப் பேசுவது?" என்று ஒரு அக்கா கேட்டிருக்கிறார்.

அக்கா, நீங்கள் பாலத்தைத் தாண்டினீர்களா? தாண்டியிருக்க மாட்டீர்கள். நம் தமிழ்க் கடைகள் இருக்கும் லாசப்பலில் சாப்பிட்டுவிட்டு, கார் து நோர் நிலையத்தில் 4ஆம் இலக்க மெட்ரோ ஏறி, போர்த் து கிளின்யங்கூர் நிலையத்தில் இறங்கியிருப்பீர்கள். வெளியே வந்ததுமே நடைபாதை முழுக்கச் சப்பாத்து, மேலங்கி, பெயர்பெற்ற நிறுவனங்களின் போலிப் பைகள். மூன்று கிண்ணத்தைக் கவிழ்த்து "பந்து எங்கே?" என்று கேட்பவனும் அங்கேதான் நிற்பான். சுற்றி நின்று ஜெயிப்பவர்கள் எல்லாம் அவனுடைய ஆட்கள். போலிப் பையைத் தொடவே வேண்டாம், பிரான்சில் அதை வாங்கி வைத்திருப்பதும் சுங்கக் குற்றம்.

இந்தக் கூட்டத்தைப் பார்த்து "இவ்வளவுதானா" என்று திரும்பியவர்கள் நிறையப் பேர். முதல் தடவை நானும் அப்படித்தான் திரும்பினேன். நகரைச் சுற்றி ஓடும் பெரிய நெடுஞ்சாலைப் பாலத்துக்கு அடியில் நுழைந்து அந்தப் பக்கம் போனால்தான் சந்தை. அங்கே இடப்பக்கம் பிரியும் ரூ தே ரோசியே என்ற தெருதான் அதன் முதுகெலும்பு. கைபேசியில் இந்தத் தெருவைத் தேடும்போது, சந்தை இருக்கும் சாந்துவான் என்ற ஊரின் பெயரையும் சேர்த்துப் போடுங்கள். பாரிஸ் 4ஆம் வட்டாரத்தில் ரூ தே ரோசியே என்ற பெயரிலேயே இன்னொரு தெரு இருக்கிறது.

சந்தை ஏன் பாலத்துக்கு வெளியே போனது என்பது ஒரு கதை. 1883இல் எழேன் புபேல் என்ற அதிகாரி, பாரிஸில் வீட்டுக்கு வீடு குப்பைத்தொட்டி வைக்க உத்தரவிட்டார். பிரெஞ்சில் குப்பைத்தொட்டிக்கே அவர் பெயர்தான். தெருக்குப்பையைக் கிளறிப் பிழைத்தவர்களின் வயிற்றில் அது அடித்தது. நகருக்குள் இருக்க முடியாமல், அவர்களில் பலர் நகரைச் சுற்றி அப்போது இருந்த மதிலுக்கு வெளியே கந்தலையும் பழைய மெத்தையையும் விரித்து விற்றார்கள். அந்த மெத்தைகளில் தெள்ளுப்பூச்சி இருக்கும் என்ற கேலிதான் சந்தையின் பெயர் என்பார்கள். 'பியூஸ்' என்றால் தெள்ளு. மதில் போய்விட்டது, அது நின்ற வட்டத்தை ஒட்டித்தான் இன்று நெடுஞ்சாலை ஓடுகிறது.

இப்போது அங்கே தெள்ளும் இல்லை, மலிவும் இல்லை. சந்தையின் பிரோன் என்ற பகுதியில் ஒரு நாற்காலியின் விலைக்குப் பழைய கார் வாங்கலாம், சும்மா பார்த்துவிட்டு வாருங்கள். நம்மைப் போன்றவர்களுக்கு ஏற்றது வெர்னேசோன் என்ற பகுதி. சந்துக்குள் சந்து, கடைக்குள் கடை: பொத்தான், சாவி, சீனிக்கிண்ணம். வெள்ளிக் கரண்டி என்று நீட்டினால் காம்பின் பின்பக்கம் பாருங்கள். ரோமர்களின் மினெர்வா தேவியின் தலை மிக நுண்ணியதாகப் பொறித்திருந்தால் உண்மை வெள்ளி. 84 என்ற எண் சதுர முத்திரையோடு இருந்தால் வெறும் முலாம்.

விலை பேசலாம், தாராளமாக. ஆனால் கடைக்குள் கால் வைத்ததும் "பொன்ஜூர்" சொல்லுங்கள். வணக்கம் சொல்லாமல் பொருளைத் தூக்கி விலை கேட்டால் கடைக்காரர் விலையில் இறங்கி வரமாட்டார். பாதி விலைக்குக் கேட்பதும் அவமானம். "உங்களால் கொடுக்க முடிந்த நல்ல விலை எது?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் நில்லுங்கள். கையில் ரொக்கம் இருந்தால் பேச்சு சுலபம். சனி, ஞாயிறு கூட்டம் நெரியும். திங்களன்று பல கடைகள் மூடியிருக்கும், திறந்திருப்பவர்களுக்கு உங்களோடு பேச நேரமிருக்கும்.

இவ்வளவு சொல்கிறேனே, என் சாமர்த்தியத்தையும் கேளுங்கள். அஞ்சலட்டைக் கடை ஒன்றில் சப்பாத்துப் பெட்டிக்குள் ஊர் ஊராக அடுக்கியிருந்தார்கள். 'பொந்திஷேரி' என்று எழுதிய தடுப்புக்குப் பின்னால் ஒரு படம், கடலுக்குள் நீளும் பழைய பாலமும் கரையில் படகுகளும். பின்பக்கம் ஊதா மையில் நான்கு வரி பிரெஞ்சு. கடைக்காரர் 15 யூரோ என்றார், 12 என்றேன், முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார். அடுத்த வாரம் இறங்கிவிடுவார் என்று வந்துவிட்டேன். அடுத்த ஞாயிறு போனபோது தடுப்பு இருந்தது, அட்டை இல்லை.