கரிப்பந்துக்கு ஒரு கைப்பிடி

நேயர்களுக்கு வணக்கம். காகிதத்தில் அறுகோணங்களாக வெட்டி, பக்கத்தோடு பக்கம் ஒட்டிப் பாருங்கள். எத்தனை ஒட்டினாலும் தரை ஓடு பதித்ததுபோலத் தட்டையாகவே விரியும், பந்தாகாது. 1985-ல் ஹூஸ்டன் ரைஸ் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஸ்மாலி ஓர் இரவு முழுக்க இந்தப் பாட்டைத்தான் பட்டார். அவர் குழுவின் கருவியில் சரியாக அறுபது கார்பன் அணு கொண்ட ஏதோ ஒன்று திரும்பத் திரும்பத் தலைகாட்டியது. அதற்கு என்ன உருவம்? கணினி கைவிட்டது. அப்புறம்தான் கத்தரிக்கோல். குழுவில் கூட இருந்த ஹரால்ட் குரோட்டோ, தான் பிள்ளைகளுக்குச் செய்து கொடுத்த குவிமாடப் பொம்மையில் ஐங்கோணமும் இருந்ததாக முன்பே சொல்லியிருந்தார். அது நினைவுக்கு வர, ஸ்மாலி ஓர் ஐங்கோணத்தை வைத்துச் சுற்றிலும் அறுகோணம் ஒட்டினார். காகிதம் தானாகக் கிண்ணம்போல எழும்பியது! 12 ஐங்கோணம், 20 அறுகோணம், எண்ணினால் அறுபது முனை, முனைக்கு ஓர் அணு. கணிதத் துறையில் விசாரித்தபோது வந்த பதில்: இது கால்பந்தாச்சே. அதற்கு 1996-ல் இருவருக்கும் நோபல் பரிசு, கூட உழைத்த ராபர்ட் கர்லுக்கும் சேர்த்து.

இந்தக் கதையைச் சொல்ல ஆரம்பித்தால் எனக்கு நேரம் போவது தெரியாது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஃபுல்லரீன் என்ற இந்தப் பந்தைக் கையில் வாங்கினால் வெறும் கறுப்புத் தூள், புகைக்கரி மாதிரி. டொலுவீன் என்ற கரைப்பானில் போட்டால் அழகான ஊதா நிறம். தண்ணீரில் கரையாது, பிளாஸ்டிக்கோடு கலக்கச் சொன்னால் தன்னோடு தானே கட்டிக்கொண்டு திரளும். பிடிக்க இடமில்லாத வழுக்குப் பந்து. அதற்கு ஒரு கைப்பிடி வேண்டும்.

கைப்பிடிக்கு என் தேர்வு சிலிக்கான். கார்பன் கிளைகளைச் சுமந்த சிலிக்கான் சேர்மங்களைச் சொல்கிறேன். குளியலறை இடுக்கை அடைக்கும் சிலிக்கோன் பசை அவற்றின் சொந்தக்காரன்தான். 1993-ல் ஜப்பானில் அகசாகா, ஆண்டோ குழுவினர் இரண்டு சிலிக்கானும் ஒரு கார்பனும் சேர்ந்த சின்ன முக்கோண வளையத்தைப் பந்தோடு வைத்து ஒளி பாய்ச்சினார்கள். முக்கோணம் உடைந்து பந்தின் முதுகில் ஒட்டிக்கொண்டது.

சிரமம் எங்கே என்றால், பந்தில் ஒட்டுவதற்கு இடம் தரும் இரட்டைப் பிணைப்பு முப்பது, முப்பதும் ஒரே மாதிரி. கொஞ்சம் அசந்தால் ஒன்றுக்கு மூன்றாக ஒட்டி, பிரிக்கவே முடியாத கலவை கிடைக்கும். ஒன்றே ஒன்று, ஒரே இடத்தில்: அங்கேதான் கைவேலை. நானும் பிரித்துப் பிரித்து அலுத்தவன்தான், ஆகவே திரும்பவும் சொல்கிறேன்: ஒட்டுவது சுலபம், ஒன்றோடு நிறுத்துவது கஷ்டம்.

ஒட்டினால் என்ன லாபம்? பந்து எலக்ட்ரானுக்குப் பேராசை பிடித்தது, ஆறு வரை வாங்கிக்கொள்ளும். சிலிக்கானுக்குக் கார்பனைவிட அந்த ஆசை குறைவு, தன் பங்கைப் பந்தின் பக்கம் தள்ளிவிடும். கொஞ்சம் ஊட்டிவிட்ட பிள்ளைக்குப் பசி குறையுமே, அதுபோலப் பந்தின் பேராசையும் தணியும். கார்பன் சேர்மங்களால் செய்யும் கரிமச் சூரிய மின்கலத்தில் அந்தத் தணிவு கூடுதல் மின்னழுத்தமாகக் கைக்கு வரும். நகமுரா, மட்சுவோ குழு 2009-ல் சிலிக்கான் கிளை ஒட்டிய பந்தை வைத்து 5.2 சதவீதத் திறன் காட்டியது.

கண்ணாடிக்கு அப்பால் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். இன்னும் ஒன்று, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இதைவிடப் பெரிய பந்தான எண்பது கார்பன் கூண்டுக்குள் லாந்தனம் என்ற உலோகத்தின் இரண்டு அணு சிறைப்பட்டால், அவை எல்லாத் திசையிலும் சுற்றிக்கொண்டிருக்கும். கூண்டின் வெளிச்சுவரில் சிலிக்கானை ஒட்டினால், உள்ளே இருப்பவை ஒரே தளத்துக்குள் சுற்ற ஆரம்பித்துவிடுகின்றன! வெளியே தொட்டதற்கு உள்ளே எப்படி ஆட்டம் மாறுகிறது என்றால்... நேரம் முடிந்துவிட்டதாம். வணக்கம்.