கச்சான் வீசும் கோள்

[காட்சி: உப்புவெளிக் கடற்கரை, நண்பகல். பனையோலைகள் காற்றில் அடித்துக்கொள்கின்றன]

ஆனி, ஆடி மாதங்களில் திருகோணமலையில் இருந்தவர்களுக்குக் கச்சான் காற்றைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. கொடியில் போட்ட சேலை அரை மணித்தியாலத்தில் காய்ந்து அப்பளம் மாதிரி விறைத்துவிடும். மேற்கே மலைநாட்டில் மழையைக் கொட்டி, ஈரத்தை எல்லாம் அங்கேயே விட்டுவிட்டு, வெறும் வெக்கையாக எங்கள் பக்கம் இறங்கி வருகிற காற்று அது.

நாம் இன்றைக்குப் பார்க்கப் போகிற கோள்களிலும் காற்று மேற்கிலிருந்து கிழக்கேதான் ஓடுகிறது. வழியில் மழையும் பெய்யக்கூடும். ஆனால் பெய்வது தண்ணீர் இல்லை.

[காட்சி: விண்மீனை ஒட்டிச் சுற்றும் பெரிய கோள்]

1995இல் மிஷேல் மயோர், டிடியே கெலோ என்ற இருவர் 51 பெகாசி பி என்ற கோளைக் கண்டுபிடித்தார்கள். 2019இல் அதற்காக நோபல் பரிசும் கிடைத்தது. நம்முடைய வியாழன் சூரியனை ஒரு தடவை சுற்ற ஏறத்தாழ 12 வருடம் எடுக்கும். இந்த வாயுக்கோள் தன் விண்மீனை நான்கு நாளும் சில மணித்தியாலமும் கொண்டு சுற்றி முடித்துவிடுகிறது. அவ்வளவு கிட்ட! இப்படிப்பட்டவற்றைத்தான் சூடான வியாழன்கள் என்கிறோம்.

இவ்வளவு கிட்டப் போனால், சந்திரன் நமக்கு ஒரே முகத்தைக் காட்டுவது போல, கோளும் விண்மீனுக்கு ஒரே முகத்தைக் காட்டத் தொடங்கிவிடும். ஒரு பக்கம் எப்போதும் நண்பகல், மறுபக்கம் எப்போதும் நடுச்சாமம். அந்த வெப்ப வித்தியாசம்தான் காற்றைக் கிளப்பி ஓட்டுகிறது. வாஸ்ப்-76 பி என்ற கோளின் பகல் பக்கம் 2,400 பாகை செல்சியஸுக்கும் மேல். அங்கே இரும்பு ஆவியாகிறது, காற்றோடு இரவுப் பக்கம் போகிறது, குளிர்ந்து மழையாக விழக்கூடும் என்று 2020இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள்.

[காட்சி: உள்ளங்கையில் கறுப்பு மணல், மிக அருகில்]

இது எங்கள் மாவட்டத்துப் புல்மோட்டை மணல். கையில் அள்ளினால் சாதாரண மணலை விடப் பாரமாக இருக்கும், வெயிலில் மினுங்கும். இந்தக் கறுப்புத் துகள் இல்மனைற். இரும்பும் தைத்தானியமும் ஒட்சிசனும் சேர்ந்தது. கெல்ட்-9 பி என்கிற இன்னும் சூடான கோளின் வளிமண்டலத்தில் 2018இல் கண்டுபிடித்தது எவற்றை தெரியுமா? இரும்பையும் தைத்தானியத்தையும்தான். நாம் காலால் மிதித்து நடக்கிற மணலில் இருப்பவை அங்கே காற்றாகவே திரிகின்றன. இதை முதலில் வாசித்த அன்று எனக்கு நித்திரை வரவில்லை.

சரி, இனி வருவது என் கற்பனை. ஒரு கோளை நினைத்துக்கொள்வோம். அதன் பெயர் கச்சான். வியாழன் அளவு. பகல் பக்கம் 2,400 பாகை, இரவுப் பக்கம் 1,500. காற்றின் வேகம் செக்கனுக்கு 2 கிலோமீட்டர். காலை ஊன்ற ஒரு தரை கிடையாது, கீழே போகப் போக அழுத்தம்தான் கூடும்.

நம்மைப் போன்ற கரிம உடல் அங்கே ஒரு கணம் கூடத் தாங்காது. ஆனால் 1976இல் கார்ல் சேகன், எட்வின் சால்பீட்டர் என்ற வானியலாளர்கள் இருவர் நம் வியாழனுக்காக ஒரு யோசனை சொன்னார்கள்: பலூன் மாதிரி மிதக்கிற உயிர்கள். ஐதரசனில் மிதக்க வேண்டுமென்றால் அதைவிட இலேசான வாயு வேறு இல்லை. அதனால் அதே ஐதரசனை உள்ளே இன்னும் சூடாக வைத்திருக்க வேண்டும்.

கச்சானில் வாழ்பவற்றுக்கு மிதப்புகள் என்று பெயர் வைத்திருக்கிறேன், கரைவலையின் மிதப்புக்கட்டை நினைவாக. தோல் புல்மோட்டை மணல் மாதிரிக் கறுப்பு. பகலில் அந்தக் கறுப்பு வெப்பத்தைக் குடிக்கும், உள்வாயு சூடேறும், உடல் மேலே எழும்பும். கூடவே தோலும் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிக் கரையும். இரவுக்குள் போனதும் கனிய மழை படிந்து தோல் மறுபடி தடிக்கும். வளர்ச்சி இரவில்தான். ஆனால் வளர வளரப் பாரம், பாரம் கூடக் கூட இறக்கம். ஆழத்து அழுத்தம் நசுக்குவதற்கு முன் வெளிச்சத்துக்கு வந்துவிட வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். அந்தக் கோளில் சூரியன் உதிப்பதே இல்லை. ஆனாலும் மிதப்புகளுக்கு விடிகிறது! கணக்குப் போட்டுப் பாருங்கள்: சுற்றளவு ஏறத்தாழ 450,000 கிலோமீட்டர், செக்கனுக்கு 2 என்றால் 225,000 செக்கன், அதாவது நம்முடைய இரண்டரை நாளுக்குச் சற்றுக் கூட. அவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை காற்று அவற்றை இருட்டிலிருந்து தூக்கிக்கொண்டு வந்து வெளிச்சத்தில் விடுகிறது.

ஆனால் அந்த வேகம் நடுக்கோட்டை ஒட்டித்தான். வடக்கே, தெற்கே விலகினால் காற்று தளரும், இரவு நீளும். அதனால் மிதப்புகள் இருட்டுக்குள் நுழையும்போது குஞ்சுகளை நடுவில் விட்டு, தாங்கள் ஓரத்தில் வளையமாக ஒட்டிக்கொள்கின்றன. அப்படியும் சில வேளை ஒரு குஞ்சு வடக்கே நழுவிவிடும். தாய் ஒரு சுற்று முடித்து, பகலைக் கடந்து, திரும்பவும் அந்த இருட்டுக்குள் வரும். குஞ்சு அங்கேதான் இருக்கும், முன்னை விடப் பெரிதாக, முன்னை விடக் கீழே.